நீலக் கோப்புக்கு முதலிடம்

92,418. பதினோரு ஆண்டுகளில் அவர் ஊசி குத்தி ரத்தம் எடுத்த தடவைகள் இவ்வளவு என்கிறது மருத்துவமனைக் கணினி. கணினிக்குத் தெரியாத எண்ணிக்கை ஒன்று உண்டு. "எனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கையை நீட்டியபடி கேட்டவர்களுக்கு "டாக்டர் சொல்வாங்க" என்று அவர் பதில் சொன்ன தடவைகள். அது இன்னும் அதிகமாகவே இருக்கும். சிலர் இரண்டு முறை கேட்பார்கள்.

எவ்வளவு ஒளிந்துகொண்ட நரம்பாக இருந்தாலும் முதல் குத்திலேயே பிடித்துவிடுவதால் அவருக்கு 'ஒரே குத்து' என்று பெயர் விழுந்துவிட்டது. உள்ளே இருப்பவர்களுக்கு அது பாராட்டு. "மூணாம் நம்பர் கட்டிலுக்கு ஒரே குத்தை அனுப்புங்க" என்று யாராவது வராந்தாவில் குரல் கொடுக்கும்போது, அந்த நோயாளியின் சொந்தக்காரர்கள் பதறி எழுந்து நின்றுவிடுவார்கள்.

முப்பத்தாறு வயதில் அவருக்கு 'டாக்டர் சொல்வாங்க' அலுத்துப்போனது. குழாயில் இறங்கும் ரத்தத்தையும் எதிரே இருக்கும் முகத்தையும் வைத்துப் பாதி விஷயம் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததைச் சொல்ல அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் கிடைக்க ஒரு வழி இருந்தது: இருபத்தேழு மாதம் படித்தால் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் ஆகலாம்.

மாமியாருக்கு இதைப் புரியவைக்க ஒரு சாயங்காலம் முழுதாகப் போயிற்று.

"அசிஸ்டென்ட்னா? டாக்டர் பையைத் தூக்கிட்டுப் பின்னாடியே போறதா?"

"இல்ல அத்தை. நோயாளியைப் பாக்கணும், என்னன்னு கண்டுபிடிக்கணும், மருந்து எழுதணும், வெட்டுக்காயம்னா தையல் போடணும். பெரிய விஷயம்னா மட்டும் டாக்டரைக் கேக்கணும்."

"அப்போ டாக்டருக்கு என்ன வேலை?"

"எல்லாத்தையும் மேற்பார்வை பார்ப்பார்."

"நம்ம வீட்டுல நான் பாக்கற மாதிரி" என்றார் மாமியார். அன்றிலிருந்து அந்தப் படிப்புக்கு அவர் ஆதரவு.

அவசரம் ஒன்று இருந்தது. நுழைவுக்குத் தேவையான அறிவியல் பாடங்களில் தேறி பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் அவை செல்லாது என்று எல்லாக் கல்லூரிகளும் விதி வைத்திருந்தன. ஒரே குத்து நுண்ணுயிரியலில் தேறி ஒன்பது ஆண்டும் எட்டு மாதமும் ஆகியிருந்தது. இந்த வருடம் விட்டால் அந்தப் பாடத்தையும், அதன் பின்னாலேயே காலாவதியாகக் காத்திருக்கும் இன்னும் மூன்றையும் மாலை வகுப்பில் மறுபடி படிக்க வேண்டும். முதல் தடவை படித்தபோதே கைக்குழந்தை மடியில் இருந்தது. இரண்டாம் தடவைக்கு உடம்பில் தெம்பு இல்லை என்பது அவருக்கே தெரியும்.

மொத்தம் பத்தொன்பது கல்லூரிகள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே இணையதளம். அதில் ஐந்தைத்தான் குறிக்கலாம், அதுவும் வரிசைப்படி. விண்ணப்பம் முதலில் குறித்த கல்லூரிக்கு மட்டும்தான் போகும். அவர்கள் வேண்டாம் என்றால்தான் இரண்டாவதற்கு. அவர்கள் வா என்று சொல்லி நாம் போக மறுத்தால், அந்த வருடத்துக்கு அத்தோடு சரி. ஆகவே யாரை முதலில் போடுவது என்பதில்தான் எல்லாமே இருந்தது.

பத்தொன்பதை ஐந்தாக்கும் வேலையைக் குடும்பமே எடுத்துக்கொண்டது. சாப்பாட்டு மேசையில் பத்தொன்பது கையேடுகள். சாப்பாடு மடியில்.

மாமியார் படங்களைப் பார்த்துக் கழித்தார். "இங்க எல்லாரும் சிரிச்சுட்டே இருக்காங்க. இப்படிச் சிரிச்சா எப்போ படிப்பாங்க?" இரண்டு போயிற்று. "இங்க ஒருத்தர்கூடச் சிரிக்கல. என்ன கொடுமை நடக்குதோ." ஒன்று போயிற்று. மரத்தடியில் உட்கார்ந்து மடிக்கணினியைப் பார்க்கும் மாணவி ஒருத்தியின் படம் ஆறு கையேடுகளில் இருந்தது. ஆறிலும் அதே மாணவி. "இந்தப் பொண்ணு ஆறு காலேஜ்ல படிக்குதா?" என்று மாமியார் கேட்டதில், அந்த ஆறில் நான்கு போயின.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பக்கத்திலிருந்த மூன்று கல்லூரிகளை ஒரே சனிக்கிழமையில் நேரில் பார்த்துவிட்டு வந்தார். வகுப்பறை, நூலகம், ஆய்வகம் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

"ரெண்டாவது காலேஜ் வேண்டாம். லிஃப்ட் கதவு மூட பதினோரு செகண்ட் எடுக்குது. உள்ள சர்வீஸ் அட்டையில கடைசிக் கையெழுத்து போன வருஷத்தது."

"நான் என்ன லிஃப்ட்லயா படிக்கப் போறேன்?"

"லிஃப்டைப் பாக்காதவன் வேற எதைப் பார்ப்பான், சொல்லு."

 விசாரித்துப் பார்த்தால், அந்தக் கல்லூரியில் போன வருடம் பாதிப் பேர் தேறவில்லை. லிஃப்ட்காரர் ஒரு வாரத்துக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அந்தத் தைரியத்தில், மனைவி எழுதி வைத்திருந்த ஐந்நூறு சொல் கட்டுரையிலும் கை வைத்துவிட்டார். 'லிஃப்ட் போல நானும் என் நோயாளிகளைப் பத்திரமாக மேலே அனுப்புவேன்' என்று ஒரு வரி புதிதாக வந்திருந்தது.

"மேல அனுப்புறதுன்னா ஆஸ்பத்திரியில வேற அர்த்தம்ங்க!"

"நல்லா இருக்கட்டுமேன்னு..."

"இனிமே இந்த விண்ணப்பத்துல உங்க மூளையைப் போடாதீங்க. நான் சொன்னதைச் சொன்னபடி செய்யுங்க, போதும்."

அவரும் சரி என்றார். பதினான்கு வருடக் குடித்தனத்தில் அவர் சொன்ன ஆயிரம் சரிகளில், எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கப்பட்டது இந்த ஒன்றுதான்.

ஒரே குத்துவும் தன் பங்குக்குக் கையேட்டுப் படங்களைப் பார்த்தார். அவர் பார்த்தது முகத்தை அல்ல, முழங்கையை. "இந்தப் பையனுக்கு நரம்பு எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்று இரண்டு முறை சொன்னதும் மகள் கையேட்டைப் பிடுங்கிக்கொண்டாள். ஆனால் தேர்ச்சி விகிதம், பயிற்சி நேரம், யார் பாடம் நடத்துகிறார்கள் என்பதையெல்லாம் வரி விடாமல் படித்தவரும் அவர்தான். கடைசியில் ஐந்து நின்றன.

அந்த ஐந்துக்கும் ஐந்து நிறத்தில் கோப்பு வாங்கினார். சோதனைக்கு ஒரு நிறம் என்று, ரத்தம் பிடிக்கும் குழாய்களின் மூடி நிறங்கள்தான் அவருக்குக் கைவந்த மொழி. ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த கல்லூரி கறார் பேர்வழி: கட்டுரையில் ஐந்நூற்றோராவது சொல் இருந்தால் படிக்க மாட்டோம், பயிற்சி நேரத்தில் ஒரு மணி குறைந்தால் திருப்பி அனுப்புவோம் என்றது. நீல மூடிக் குழாயும் அப்படித்தான், கோடு வரை நிரம்பாவிட்டால் ஆய்வகம் தூக்கிப் போட்டுவிடும். அதற்கு நீலம். அலங்காரம் இல்லாமல் மதிப்பெண் மட்டும் கேட்டது, மருந்து கலக்காத சிவப்பு. ஒவ்வொரு கடிதத்தையும் ஊறப்போட்டுப் பதில் எழுதியது, ரத்தம் உறையும்வரை காத்திருக்க வைக்கும் மஞ்சள். அன்றைக்கே பதில் போட்டது, அவசரச் சோதனைக்கான பச்சை. பேருந்தில் இருபது நிமிடத்தில் போகக்கூடிய கல்லூரி, அவர் ஆசைப்பட்ட கல்லூரி, ஊதா. ஊதாக் குழாயை எட்டுத் தடவை மெல்லத் தலைகீழாகப் புரட்டாவிட்டால் ரத்தம் உறைந்துவிடும். அந்தக் கல்லூரியின் விதிமுறையும் எட்டாவது தடவை புரட்டியபோதுதான் அவருக்குப் புரிந்தது.

ஊதாவில் கிடைத்தால் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போகலாம். பயிற்சியும் இதே மருத்துவமனையில். வேறு யோசனைக்கே இடமில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. மதியம் இரண்டுக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, நிதானமாக உட்கார்ந்து தானே அனுப்புவதாகத் திட்டம். காலையில் கிளம்பும் அவசரத்தில் மேசையில் கலைந்து கிடந்த ஐந்து கோப்புகளையும் கை போன போக்கில் அடுக்கிவிட்டுப் போனார்.

ஒன்று நாற்பதுக்கு முதல் ஆம்புலன்ஸ் வந்தது. ஓர் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டில் ஏதோ கெட்டுப்போய், அறுபத்து மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்து வந்து இறங்கினார்கள். உயிருக்கு யாருக்கும் ஆபத்தில்லை, ஆனால் வாளிக்குத் தட்டுப்பாடு. ஒவ்வொருவருக்கும் மூன்று குழாய் ரத்தம் வேண்டும். இரண்டு மணிக்கு யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

"நான் மேனேஜர். எனக்கு முதல்ல எடுங்க" என்றார் கழுத்துப்பட்டைக்காரர் ஒருவர்.

"வாந்தியில சீனியாரிட்டி கிடையாது சார். வரிசையில நில்லுங்க" என்றார் அவசரப் பிரிவு சிஸ்டர்.

நான்கு மணிக்கு ஒரே குத்து நாற்பத்தோராவது கையில் இருந்தார். வீட்டுக்கு ஓடிப்போய்த் திரும்ப நேரமில்லை. "என் வீட்டுக்காரருக்குப் போன் போடுங்க சிஸ்டர். கையில உறை இருக்கு" என்றார். சிஸ்டர் எண்ணை அழுத்திக் கைபேசியை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, நீங்களே அனுப்பிடுங்க. எல்லாம் ஏத்தியாச்சு. அஞ்சு காலேஜையும் வரிசையாக் குறிச்சு, அனுப்புங்கறதை அமுக்கினா போதும்."

"எந்த வரிசைல?"

"மேசை மேல அடுக்கி வச்சிருக்கேனே, அதே வரிசைதான். சார், கையை மடக்காதீங்க!"

"மேலேருந்தா, கீழேருந்தா?"

"மேலேருந்துதான்! வேற எங்கேருந்து?"

"இல்ல, மேல நீலம் இருக்கு. நீ வந்து..."

"மூளையைப் போடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"அடுத்த ஆள் வாங்க" என்றார் ஒரே குத்து. சிஸ்டர் கைபேசியை எடுத்துவிட்டார்.

நான்கு இருபதுக்கு விண்ணப்பம் போயிற்று. நாற்பது நிமிடம் முன்னதாக முடித்துவிட்ட பெருமையில் லிஃப்ட்காரர் அதை அச்செடுத்து, கசங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேசை நடுவே வைத்திருந்தார். ஏழரை மணிக்கு வந்து அதைக் கையில் எடுத்த ஒரே குத்து, நின்ற இடத்திலேயே நாற்காலியைத் தேடினார்.

ஒரே கையிலிருந்து பல குழாய்களில் ரத்தம் எடுக்கும்போது அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நீலம், பிறகு சிவப்பு, மஞ்சள், பச்சை, கடைசியில் ஊதா. ஒரு குழாயில் இருக்கும் மருந்து அடுத்த குழாயில் ஒட்டிக்கொண்டு முடிவைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. முதலில் நிற்பது முக்கியமானது என்பதல்ல, தொட்டால் கெட்டுவிடுவது என்பதுதான் பொருள். பதினோரு வருடமாக அவர் விரல்களுக்கு வேறு வரிசை தெரியாது. காலையில் கோப்புகளை அடுக்கியது அந்த விரல்கள்தான். மனதுக்குள் முதலிடத்தில் இருந்த ஊதா, மேசையில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது.

"உங்களுக்குத் தெரியாதா நான் எதுக்கு ஆசைப்பட்டேன்னு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் நீலத்தைப் போட்டீங்க?"

"நீ மனசை மாத்திக்கிட்டேன்னு நெனச்சேன். மூளையைப் போடாதேன்னு வேற சொன்னே."

"பதினாலு வருஷமாப் போட்டீங்களே, இன்னிக்கு ஒரு நாள் போட்டிருக்கக் கூடாதா?"

மாமியார் விவரத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஏண்டா, லிஃப்ட்ல எதுலேருந்து எண்ணுவீங்க?"

"கீழேருந்துதான். தரைத்தளத்துலேருந்து."

"இன்னிக்கும் அப்படி எண்ணியிருந்தா ஊதா முதல்ல வந்திருக்கும். வருஷம் பூரா வேலைப் புத்தியோடயே வீட்டுக்கு வருவே. இன்னிக்குப் பாத்து அதைக் கழட்டி வச்சிட்டியே."

"அதனாலதான்மா மேலேருந்தா கீழேருந்தான்னு கேட்டேன்!" என்றார் லிஃப்ட்காரர். அவர் குரலில் உண்மையான வேதனை இருந்தது.

திங்கட்கிழமை காலை இணையதளத்தின் உதவி எண்ணில் இருபத்தாறு நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்தார்.

"வரிசையை மாத்த முடியாதுங்க. அனுப்பினது அனுப்பினதுதான்."

"எங்க ஆஸ்பத்திரியில குழாய்ல பேரு மாறிப்போச்சுன்னா, அதைக் கீழ போட்டுட்டுப் புதுசா எடுப்போம்ங்க."

"புதுசா அடுத்த வருஷம் எடுத்துக்கலாங்க" என்றார் அந்தப் பெண், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல்.

இனி ஒரே ஒரு நம்பிக்கைதான்: நீலம் தன்னை நிராகரிக்க வேண்டும். நல்ல கல்லூரி தன்னை வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு தபாலைப் பார்த்தவர் அநேகமாக அந்த வருடத்தில் அவர் ஒருவர்தான். ஐந்தாவது வாரம் நீலத்திடமிருந்து கடிதம் வந்தது. நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள்.

போவதற்கு முந்தின நாள் வீட்டில் ஒத்திகை. "எங்களை ஏன் முதல்ல குறிச்சீங்கன்னு நிச்சயம் கேப்பாங்க" என்றார் லிஃப்ட்காரர். "உங்க நூலகத்துக்காகன்னு சொல்லு."

"நான் அந்த நூலகத்தைப் பாத்ததே இல்ல."

"சின்ன வயசுலேருந்து கனவுன்னு சொல்லேன்" என்றார் மாமியார்.

"அந்தக் காலேஜ் ஆரம்பிச்சே ஒன்பது வருஷம்தான் அத்தை ஆகுது."

ஆறு மணி நேரப் பயணத்தில் அவர் மூன்று பொய்களைத் தயார் செய்தார். மூன்றும் நன்றாகவே இருந்தன. நேர்காணல் அறையில் மூன்று பேர்: வயதான அறுவை மருத்துவர், துறைத் தலைவியாக ஓர் அம்மையார், அங்கேயே படித்து அங்கேயே சேர்ந்துவிட்ட இளைஞர் ஒருவர். அரை மணி நேரம் எல்லாம் நன்றாகப் போயிற்று. பிறகு துறைத் தலைவி விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"உங்க வீட்டுப் பக்கத்துலயே ஒரு காலேஜ் இருக்கு. அதைக் கடைசியில குறிச்சிருக்கீங்க. எங்களை முதல்ல. ஏன்?"

முதல் பொய் நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சமயத்தில் அறுவை மருத்துவர், நோயாளியைப் பார்க்கும் கவனத்தோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்ப்பவர்களிடம் பொய் செல்லாது என்பது ஒரே குத்துவுக்குத் தொழில்முறையில் தெரியும். அவரே தினமும் முப்பது பேரை அப்படிப் பார்ப்பவர்.

"தப்பு நடந்துபோச்சு மேடம்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கோப்பு நிறம், அறுபத்து மூன்று பேர், மேனேஜர், மேலேருந்தா கீழேருந்தா, எல்லாம். மூடி நிறங்களின் வரிசையைச் சொல்லும்போது இளைஞர் உதடு அசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார்.

துறைத் தலைவி சிரிக்கவில்லை. "அப்போ நீங்க எங்களைத் தேர்ந்தெடுக்கலை."

"தேர்ந்தெடுத்தேன் மேடம். பத்தொன்பதுல அஞ்சுல ஒண்ணா. முதல்ல வந்ததுதான் தப்பு."

"நாங்க இடம் கொடுத்தா வருவீங்களா?"

"வீட்டுல நாலாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு இருக்கா. வருவேன்னு இப்போ சொன்னா அது பொய்யா இருக்கும். வரமாட்டேன்னு சொன்னா அதுவும் பொய்."

"எங்களுக்கு ஏன் நீலம்?" என்று அறுவை மருத்துவர் முதல்முறையாக வாய் திறந்தார்.

"கோடு வரைக்கும் நிரம்பலைன்னா தூக்கிப் போட்டுடுவீங்க சார்."

அவர் பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தார். "முடிஞ்சுது. எல்லாத்தையும் உளறிட்டேன்."

"எல்லாத்தையும்னா? என்னைப் பத்தியும் சொன்னியா?" என்றார் லிஃப்ட்காரர்.

"உங்களைப் பத்திதான் அதிகம் சொன்னேன்."

பத்தொன்பதாம் நாள் கடிதம் வந்தது. இடம் தந்திருந்தார்கள். ஏழு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். காரணம் எதுவும் எழுதவில்லை; கறார்க் கல்லூரிகள் காரணம் எழுதுவதில்லை.

ஆறு நாள் வீட்டில் யாரும் அதைப் பற்றி நேரடியாகப் பேசவில்லை. லிஃப்ட்காரர் அந்த ஊர்ப் பேருந்து நேரங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். ஏழாம் நாள் சாப்பிடும்போது மாமியாருக்குப் பொறுமை போயிற்று.

"என்னம்மா முடிவு?"

"இருபத்தேழு மாசம் அத்தை. வாரக் கடைசியிலதான் வர முடியும். அதுவும் எல்லா வாரமும் இல்ல."

"இவன் பொறக்கறதுக்கே பத்து மாசம் எடுத்துக்கிட்டான். முடிவுல என்ன வந்துதுன்னு பாத்தே இல்ல? அதுக்கே காத்திருந்தேன். இது உருப்படியான விஷயம், காத்திருக்க மாட்டேனா?"

"அம்மா!" என்றார் லிஃப்ட்காரர்.

"நீ காலைல அவளைப் பள்ளிக்கூடத்துல விடு. சாயங்காலம் நான் பாத்துக்கறேன். நடுவுல லிஃப்ட்டைக் கட்டிக்கிட்டு அழு."

மகள் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். "அம்மா, நீ பரீட்சையில மார்க் கம்மியா வாங்கினா யார்கிட்ட கையெழுத்து வாங்குவே?"

"உங்கிட்டதான்."

"சும்மா போட மாட்டேன். ஏன் கம்மின்னு கேப்பேன்."

"கேளுடி. சொல்றேன்" என்றார் ஒரே குத்து. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, இந்த முறை தன் விரலாலேயே 'சம்மதம்' என்பதை அழுத்தினார். அழுத்துவதற்கு முன் திரையில் இருந்ததை எல்லோரையும் உரக்கப் படிக்க வைத்தார்.

மருத்துவமனையில் அவருடைய கடைசி வேலை நாள் இந்த வெள்ளிக்கிழமை. ஞாயிறு மதியம் பன்னிரண்டரைப் பேருந்தில் இடம் பதிவாகியிருக்கிறது. உடற்கூறியல் முதல் வகுப்பு திங்கள் காலை எட்டு மணிக்கு, மூன்றாம் மாடியில்.